பெட்டிக்குள் புதினா வாசனை

“என்ன திருட்டுப் போச்சு?” என்று கேட்டார் அண்ணி.

“ஒண்ணும் போகலைங்க. உள்ள வந்திருக்கு” என்றார் வந்தவர்.

ரேடியோ எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தான். காணாமல் போன நாய், ஓடிப்போன பார்ட்னர், மொட்டைக் கடிதம் என்று எத்தனையோ பார்த்த அலுவலகம் அது. வீடு புகுந்து எதையோ வைத்துவிட்டுப் போன திருடனைப் பற்றி அவன் இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

“அந்தத் திருடன் அட்ரஸ் கிடைச்சா கொடுங்கம்மா. எங்க வீட்டு ஃப்ரிட்ஜும் பழசாயிடுச்சு” என்றான்.

அண்ணி பார்த்த பார்வையில் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. அதிக நேரம் மூடியிருக்காது என்பது இருவருக்கும் தெரியும். ரேடியோ என்ற பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். அவனுடைய அண்ணனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவர் அண்ணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளை மோப்பம் பிடிக்கும் வேலையில் இருந்தார். மேலதிகாரியின் கார் விபத்தே பொய் என்று கண்டுபிடித்த மறுநாள் அவர் வேலையை விட்டார், அல்லது வேலை அவரை விட்டது. இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். உதவிக்குக் கொழுந்தன். சம்பளம் சுமார், திட்டு தாராளம்.

வந்தவரை ஊருக்கே தெரியும். முகம் தெரியாது, எழுத்து தெரியும். தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வீடு ஓடும் அந்த மாமியார் மருமகள் தொடரின் கதாசிரியை அவர்தான்.

“எங்க வீட்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு சேமிப்புப் பெட்டி இருக்கு” என்று ஆரம்பித்தார் கதாசிரியை. “போட்டோ, பாட்டு, என் கதை எல்லாம் அதுலதான் இருக்கும். வீட்ல இருக்கற எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து கேட்டாலும் அது எடுத்துக் கொடுக்கும். ஆனா ரொம்ப மெதுவா. ஒரு ஃபைலைத் திறன்னு சொல்லிட்டுப் போய், காபி போட்டுக் குடிச்சு, டம்ளரையும் கழுவி வச்சுட்டு வந்தா அப்பதான் திறக்கும்.”

“இப்ப?”

“நேத்து க்ளிக் பண்ணேன். நாற்காலியை விட்டு எந்திரிக்கறதுக்குள்ள திறந்துடுச்சு. வெலவெலத்துப் போயிட்டேன். செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தா பிராசஸர் பேரே வேற. ரேம் நாலு மடங்கு. டிஸ்க் மட்டும் பழசு. அதே பெட்டி, அதே மூலை, ஃபேன்கூட அதே கரகர. உள்ள மட்டும் யாரோ மூளையை மாத்திட்டாங்க.”

“நல்லதுதானேம்மா?” என்றான் ரேடியோ.

“என் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றார். அந்தப் பெட்டியிலதான் தொடரோட கடைசி எபிசோட் இருக்கு தம்பி! பாஸ்வேர்டும் வைக்கல. பெட்டியைப் பிரிச்சவன் அதைப் படிச்சிருந்தா? பதறிப்போய் தயாரிப்பாளர்கிட்டச் சொல்லிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ‘கதை வெளிய போகல’ன்னு நான் உறுதி சொல்லணும். சொல்லலைன்னா கடைசி எபிசோடை வேற ஒருத்தர் எழுதுவார். அவர் எப்படி எழுதுவார்னு எனக்குத் தெரியும். எல்லாரையும் ஒரே பஸ்ல ஏத்திக் கவுத்துடுவார்.” கதாசிரியையின் கண் கலங்கிவிட்டது. “ஆறு வருஷமா வளர்த்த பிள்ளைங்க, மேடம்.”

அண்ணி கைப்பையையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டின் முன்பக்கம் கதாசிரியையின் கணவருடைய பல் மருத்துவமனை. அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஒரு கையில் துணி. பேசிக்கொண்டே வரவேற்பறை மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“வாங்க வாங்க. பாவம், இவ நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல. ஆனா நான் என்ன சொல்றேன்னா, வந்தவன் நல்லதுதானே பண்ணிட்டுப் போயிருக்கான்? விட்டுடலாமே.”

“பல்லுல ஓட்டைன்னு வர்றவங்ககிட்டயும் விட்டுடலாமேன்னுதான் சொல்வீங்களா டாக்டர்?” என்றான் ரேடியோ. டாக்டர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெட்டி கூடத்தின் மூலையில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. ஷூ வாங்கினால் தரும் அட்டைப்பெட்டியைப் போல இரண்டு மடங்கு இருக்கும். எதிரே சோபாவில் கதாசிரியையின் மாமியார் உட்கார்ந்து தொடரின் மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வில்லி மாமியார் ஜெயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறைத்தாள். சோபா மாமியார் பதிலுக்கு முறைத்தார்.

அண்ணி பெட்டியை அணைத்து, மூடியைக் கழற்றினார். ரேடியோ தலையை உள்ளே நீட்டி மூக்கை உறிஞ்சினான்.

“அண்ணி, புதினா வாசனை!”

வாசனை வந்தது உண்மைதான். சூடு ஆறாத உள்பாகத்திலிருந்து குப்பென்று புதினா அடித்தது. ரேடியோ மெல்லத் திரும்பிப் பார்த்தான். மாமியாரின் மடியில் ஒரு டப்பா. அதிலிருந்து பச்சை மிட்டாய் ஒன்றை எடுத்து அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

“தொண்டைக்கு இதமா இருக்கும் தம்பி. புதினா. ஒண்ணு எடுத்துக்க.”

ரேடியோ எடுத்துக்கொண்டான். சாட்சியைச் சப்பிக்கொண்டே யோசிப்பதில் தப்பில்லை என்பது அவன் கட்சி.

அண்ணி சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். “தொடர் எப்படிம்மா முடியும்னு நினைக்கிறீங்க?”

“அதுல நினைக்க என்ன இருக்கு? மாமியார்க்காரி ஜெயில்லேர்ந்து வருவா. ஊரே அடிச்சு விரட்டும்னு நாம எதிர்பாப்போம். மருமக வாசலுக்கு வந்து, வீட்டுச் சாவிக்கொத்தை அவ கையிலேயே கொடுத்துடுவா. அதோட சுபம்.”

பின்னால் டமார் என்று சத்தம். கதாசிரியையின் கையிலிருந்த தட்டு தரையில் கிடந்தது. மாமியார் அதை எடுக்கக் குனிந்து, முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கதாசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் கடைசிக் காட்சி என்று அவர் முகமே சொல்லிவிட்டது.

ரேடியோ அண்ணியின் காதில் கிசுகிசுத்தான். “கேஸ் முடிஞ்சுது. புதினாவும் பொருந்துது, கதையும் பொருந்துது. வீட்டுக்குப் போனா மத்தியானச் சாப்பாடு சூடா இருக்கும்.”

“அந்த அம்மா முழங்காலைப் பாத்தியா? தட்டைக் குனிஞ்சு எடுக்கவே முடியல. தரையில உக்காந்து பெட்டியைப் பிரிச்சு மூளையை மாத்தினாங்களா?”

“ஆள் வச்சிருப்பாங்க.”

“அப்ப அந்த ஆளைத் தேடு” என்ற அண்ணி, புதிய ரேம் பலகையின் ஓரத்தைக் காட்டினார். கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். அதில் ஒரு காகம். பழைய உதிரிபாகம் விற்கும் கடைக்காரர்கள், திரும்ப வந்தால் தங்கள் சரக்குதான் என்று தெரிவதற்காக ஒட்டும் அடையாளம்.

எலெக்ட்ரானிக்ஸ் தெருவில் காக்கா கடை எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுகிறார்கள். கடை என்று சொல்லிக்கொண்டாலும் அது ஒரு சந்துதான். இரண்டு பக்கமும் கூரை வரை ஒயர்கள், பலகைகள், உயிர் போன கீபோர்டுகள். நடுவில் கடைக்காரர், கொசுவலைக்குள் இருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

ஸ்டிக்கரோடு கழற்றி வந்த ரேம் பலகையை அண்ணி காட்டி, யார் வாங்கியது என்று கேட்டதும் கடைக்காரர் தலையில் கை வைத்தார்.

“ஐயோ, அந்தாளா! முப்பது வருஷமா கடை வச்சிருக்கேம்மா. அப்படி ஒரு கஸ்டமரைப் பாத்ததில்ல. ஹெல்மெட்டைக் கழட்டவே மாட்டேன்னுட்டார்.”

“வெயிலுக்கா?” என்றான் ரேடியோ.

“கடைக்குள்ள எங்க தம்பி வெயில்? ஒரு பழைய பிராசஸரை நீட்டி, இதே மாதிரி வேணும்னார். அந்தக் காலத்துச் சரக்கு. இதைவிட வேகமா இருக்கறதை மதர்போர்டு, ரேம் எல்லாம் சேத்து ஒரே செட்டா, பாதி விலைக்குத் தர்றேன்னேன். எந்த மனுஷனும் சந்தோஷப்படுவானா இல்லையா? இவர் அழாத குறை. ‘வேகமா எல்லாம் வேண்டாங்க. மெதுவா ஓடணும். இதைவிட மட்டமா ஏதாவது இருக்கா?’ங்கறார்!”

ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நீங்க என்ன பண்ணீங்க?”

“தேடினேன். மட்டமானது கிடைக்கல. வேற வழியில்லாம செட்டை வாங்கிக்கிட்டார். அப்புறம் ஃபேன். எல்லாரும் சத்தமில்லாத ஃபேன் கேப்பாங்க. இவர் ஒவ்வொண்ணா ஓட்டச் சொல்லி ஹெல்மெட்டோட காதைக் கிட்ட வச்சுக் கேட்டு, இருக்கறதுலேயே கரகரன்னு கத்தறதா ஒண்ணைப் பொறுக்கினார். அதைத் தூக்கி எறியலாம்னு வச்சிருந்தேன். சும்மா கொடுத்துட்டேன்.”

அண்ணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ரேடியோ அதைக் கவனித்தான், காரணம்தான் பிடிபடவில்லை.

“பிராசஸருக்கும் அது மேல உக்கார்ற குளிர்விப்பானுக்கும் நடுவுல வெள்ளையா ஒரு பசை தடவணுமே, அதையும் வாங்கினாரா?” என்று கேட்டார் அண்ணி.

“ட்யூபை எடுத்தேன். வேண்டாம், வீட்ல இருக்கறதே போதும்னுட்டார். ஆனா நல்ல மனுஷன்மா. எனக்கு அப்பக் கன்னம் வீங்கியிருந்துச்சு. அதைப் பாத்ததும் தன் கவலையையே மறந்துட்டார். கிட்ட வந்து ‘திறங்க’ன்னார். ஹெல்மெட் போட்ட ஆளு திறங்கன்னா என்ன செய்வீங்க? நான் கல்லாவைத் திறந்துட்டேன். அதுல கை வைக்கல. வெதுவெதுப்பா உப்புத்தண்ணி கொப்புளிங்கன்னு சொல்லிட்டுப் போனார். வீக்கம் வடிஞ்சுடுச்சு.”

“அந்தப் பழைய பிராசஸர்?”

கடைக்காரர் ஒரு டப்பாவைக் குடைந்து எடுத்துக் கொடுத்தார். சின்னச் சதுரத் தகடு. அடிப்பக்கம் முழுக்கக் குண்டூசி நுனிகளைப் போல மெல்லிய கால்கள். ஓர் ஓரத்தில் ஒரு வரிசை மொத்தமும் ஒரு காலத்தில் சாய்ந்து படுத்திருந்து, பிறகு யாரோ ஒவ்வொன்றாக நிமிர்த்தியிருக்கிறார்கள். நிமிர்த்தியதில் ஒரு கால் மட்டும் ஒடிந்து பள்ளமாகியிருந்தது. மற்றவை அளவெடுத்தாற்போல நேராக நின்றன.

“இவ்வளவு சின்ன இடுக்குல இத்தனை பொறுமையா வேலை பாக்க யாரால முடியும் தம்பி?” என்று கேட்டார் அண்ணி.

“வாட்ச் ரிப்பேர்க்காரன்?”

“வாயைத் திறக்கறதுல இருக்கற வேகம் யோசிக்கறதுல இல்லையே உனக்கு.” அண்ணி வெள்ளைப் பசை ட்யூப் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். “நாம தப்பான கேள்வியைக் கேட்டுட்டு இருந்தோம். யாருக்குப் பெட்டி வேகமா ஓடணும்னு தேடினோம். யாருக்கு வேகமா ஓடக்கூடாதுன்னு தேடியிருக்கணும். ஒருத்தர் கைதவறி எதையோ உடைச்சுட்டு, அதே மாதிரி இன்னொண்ணை வாங்கி வச்சுடலாம்னு வந்திருக்கார். அதே மாதிரி கிடைக்கல. பாவம், நல்லதா கிடைச்சுடுச்சு.”

வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. கூடத்தில் கதாசிரியை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரும் மருமகளும் ஒரே சோபாவின் இரண்டு கோடியில். டாக்டரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார் அண்ணி.

பெட்டியின் முன்னால் தரையில் அமர்ந்து, பிராசஸர் மேலிருந்த குளிர்விப்பானின் பிடிகளை விடுவித்தார். நேராக இழுக்கவில்லை. இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று மெல்லத் திருகினார். டாக்டர் தன்னை மறந்து முன்னால் சாய்ந்தார்.

“அப்படித்தான்… ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும்” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?” என்றார் அண்ணி, திரும்பாமலே.

குளிர்விப்பான் கையோடு வந்தது. அடியில் வெள்ளைப் பசை, பாதி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வெள்ளைக்கு நடுவே அழகாக ஒரு நீலக்கோடு. கூடம் முழுக்கப் புதினா மணத்தது.

“பற்பசை!” என்று கத்தியே விட்டான் ரேடியோ.

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். ஊரில் அத்தனை பேர் வாயையும் திறக்க வைப்பவர், தன் வாயைத் திறக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

“தூசி… உள்ள ஒரே தூசிம்மா” என்றார் மனைவியைப் பார்த்து. “எனக்கு அழுக்கைப் பாத்தா கை சும்மா இருக்காதுன்னு உனக்கே தெரியும். நீ ரெண்டு நாளா ஸ்டூடியோவுக்குப் போயிருந்தே. பெட்டியை க்ளினிக்குக்குக் கொண்டுபோய் அங்க இருக்கற காத்துக் குழாயால அடிச்சேன். குளிர்விப்பான் இடுக்குல போகல. கழட்டிச் சுத்தம் பண்ணலாம்னு இழுத்தேன். பல்லா இருந்தா ஆட்டி எடுத்திருப்பேன். இதை நேரா இழுத்துட்டேன். பிராசஸர் வேரோட வந்துடுச்சு. காலெல்லாம் வளைஞ்சு போச்சு. நிமித்தினேன். கடைசி ஒண்ணு ஒடிஞ்சுடுச்சு.”

“சொல்ல வேண்டியதுதானே!”

“நீ கடைசி எபிசோட் எழுதிட்டிருந்தே. உன் கதை இருக்கற பெட்டியை உடைச்சேன்னு எப்படிச் சொல்றது? டிஸ்க்கைத் தொடவே இல்லம்மா, சத்தியமா. கடைக்குப் போற வழியெல்லாம் பேஷண்ட்டுங்க. அதான் ஹெல்மெட்.”

கதாசிரியை எழுந்து நின்றார். கோபத்தைவிட பயம்தான் அதிகம் தெரிந்தது. “என்னங்க, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். பெட்டி ரெண்டு நாள் உங்க கையில இருந்திருக்கு. கதையைப் படிச்சீங்களா? அத்தைகிட்டச் சொன்னீங்களா? அத்தைக்குக் கடைசிக் காட்சி அப்படியே தெரியுதே!”

“ஐயோ, இல்லம்மா!”

“உறுதி சொல்லணும் நான். இன்னும் கொஞ்ச நேரத்துல போன் வரும். எப்படி நம்பறது?”

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “டாக்டர், தொடர்ல அந்த மாமியார் இப்ப எங்க இருக்காங்க?”

டாக்டர் விழித்தார். “வீட்லதான்… இருப்பாங்க?”

“ஜெயில்லடா” என்றார் அவர் அம்மா.

“கதாநாயகிக்குக் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?”

“ஒரு… தம்பி?”

“நாலு அக்கா” என்றார் அம்மா. “கதையே அந்த அக்காங்களாலதான் ஆரம்பிச்சுது.”

“சரி, கதாநாயகி என்ன வேலை பாக்கறாங்க?”

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நல்ல பொண்ணு” என்றார்.

ரேடியோ சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டான்.

“இவர் கடைசி எபிசோடைப் படிக்கலம்மா” என்றார் அண்ணி கதாசிரியையிடம். “முதல் எபிசோடையே பாக்கல.”

கதாசிரியையின் பயம் முகத்தை விட்டு இறங்கியது. அது காலி செய்த இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. “ஆறு வருஷமா,” என்றார் நிதானமாக, “தினம் ராத்திரி ‘இன்னிக்கு எப்படிங்க இருந்துச்சு’ன்னு கேக்கறேன். ‘பிரமாதம்’னு சொல்றீங்க.”

“பிரமாதமாத்தான் இருந்திருக்கும்” என்றார் டாக்டர் ஈனஸ்வரத்தில்.

“அப்ப அத்தைக்கு எப்படித் தெரிஞ்சுது?”

மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அது அந்த வீட்டில் அடிக்கடி நடக்கும் காரியமல்ல.

“இதுக்குப் பெட்டியைப் பிரிக்கணுமா என்ன? நமக்குள்ள சண்டை வந்து என்கிட்டேர்ந்து சாவிக்கொத்தை வாங்கிக்கிட்டியே, அந்த வாரம்தான் தொடர்ல மாமியார்க்காரி பால்ல விஷம் கலந்தா. என் முழங்கால் ஆபரேஷனுக்கு நீ ராப்பகலா பக்கத்துல இருந்தே. அந்த மாசம் முழுக்க அவ திருந்தின மாதிரி இருந்தா. அப்புறம் உன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு நான் வரல. உடனே அவளை ஜெயில்ல போட்டுட்டே.” மிட்டாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போன மாசம், நான் கேக்காமலேயே வந்து சாவிக்கொத்தை என் கையில கொடுத்தே. ஒண்ணும் பேசல. கொடுத்துட்டுப் போயிட்டே. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவளை வெளிய விடப்போறேன்னு.”

கதாசிரியை சோபாவின் தன் கோடிக்குத் திரும்பாமல், மாமியாரின் கோடிக்கு வந்து உட்கார்ந்தார். மாமியார் மிட்டாய் டப்பாவை நீட்டினார். மருமகள் ஒன்றை எடுத்துக்கொண்டார். ரேடியோவும் கை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டான்.

அண்ணி பையிலிருந்து ட்யூபை எடுத்து டாக்டரின் கையில் வைத்தார். “இது பெட்டிக்கு. அது பேஷண்ட்டுக்கு. மாத்திடாதீங்க. உங்க பசை காஞ்சுக்கிட்டே வருது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா பெட்டி சூடாகித் தானா அணைஞ்சிருக்கும்.”

போன் அடித்தது. கதாசிரியை எடுத்தார்.

“சொல்லுங்க சார். கதை பத்திரமா இருக்கு. ஒருத்தரும் படிக்கல… உறுதியாத்தான் சொல்றேன். எங்க வீட்ல படிக்கறதுக்கு ஆளே இல்ல.” கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “நாளைக்கு ஷூட்டிங்குக்கு ஒரு ஆள் மட்டும் கூடுதலா வேணும் சார். புதுக் கேரக்டர். பல் டாக்டர்… இல்ல சார், வசனமெல்லாம் கிடையாது. முதல் காட்சியிலேயே செத்துடுவார்.”

மாமியார் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

“ரெண்டாவது காட்சியில வச்சுக்கம்மா” என்றார். “என்ன இருந்தாலும் என் பிள்ளையாச்சே.”